கணவர் கையெழுத்துப் போடாவிட்டால் க்ரீன் கார்டு போய்விடுமா?

நியூஜெர்சியிலிருந்து வந்த கடிதம் இது. ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 29. கோவைப் பக்கம் சொந்த ஊர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவருடன் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். தாலி கட்டி 21 மாதம் கழித்து விசா கிடைத்து இங்கே வந்தார். இரண்டு வருடத்துக்கான க்ரீன் கார்டு வந்தது. அது முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. கணவர், மாமியாருடன் ஒரே வீட்டில் இருந்தவர், மூன்று மாதத்துக்கு முன் வெளியேறி ஒரு தோழி வீட்டில் தங்கியிருக்கிறார். கணவர் அடித்ததில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். தினமும் இரவு போனை வாங்கிப் பார்த்தார். சம்பளம் முழுவதையும் தன் கணக்குக்கு மாற்றச் சொன்னார். அம்மா அப்பாவிடம் பேச ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி, அதுவும் ஸ்பீக்கரில்.

இப்போது கணவர் சொல்வது: "கையெழுத்துப் போட மாட்டேன். கார்டு முடிந்த மறுநாளே உன்னை ஃப்ளைட் ஏற்றிவிடுவார்கள். ஸ்பான்சரை வாபஸ் வாங்குவேன். போலிக் கல்யாணம் என்று எழுதிப் போடுவேன்." அப்பா சொல்வது: "கையெழுத்து வாங்குற வரைக்கும் பொறுத்துப் போம்மா." தோழியின் கணவர் சொல்லும் யோசனை: சேர்ந்து வாழ்வதாகக் காட்டி, பழைய முகவரியிலேயே மனுப் போட்டுவிடலாம்.

வாசகி முக்கியமாகக் கேட்பது நான்கு: திரும்பிப் போய்விடவா? விவாகரத்து ஆகாமல் தனியாக மனுப் போட முடியுமா? எந்தக் காகிதத்திலும் என் பெயர் இல்லையே, எதைக் காட்டுவது? சில மாதம் ஊருக்குப் போய் அம்மாவுடன் இருந்துவிட்டு வரவா?

அன்புள்ள சகோதரி,

கடிதத்தில் "அவர் கையெழுத்து" என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பற்றியே பேசிவிடுவோம்.

உங்கள் கார்டு ஏன் இரண்டு வருடக் கார்டு? 1986-ல் வந்த ஒரு சட்டம்தான் காரணம். நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் முடிந்திருக்காவிட்டால் நிபந்தனையோடுதான் கொடுப்பார்கள். நீங்கள் இங்கே வந்து இறங்கியபோது 21 மாதம். இன்னும் மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் பத்து வருடக் கார்டே கிடைத்திருக்கும், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அந்த நிபந்தனையை நீக்கத்தான் ஐ-751 மனு. கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்புவது வழக்கமான முறை. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அதனால் இது ஒன்றுதான் வழி என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது சரியல்ல. கணவர் கையெழுத்து இல்லாமல் தனியாக மனுப் போட அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. கணவர் இறந்துபோனால், திருமணம் விவாகரத்தில் முடிந்தால், அடி உதையோ கடும் மனக்கொடுமையோ நடந்திருந்தால், நாட்டைவிட்டு அனுப்புவது மிகக் கடுமையான துன்பத்தில் தள்ளும் என்றால், என நான்கு காரணங்கள். கொடுமை என்ற காரணம் 1990-ல் சேர்க்கப்பட்டது. கையெழுத்தைக் காட்டி மனைவியை மிரட்டி வைத்திருந்த கணவர்கள் இருந்ததால்தான் அது வந்தது. உங்கள் வீட்டில் நடந்தது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

இன்னொன்று. கல்யாணம் நிலைத்ததா என்று அதிகாரி பார்ப்பதில்லை. கல்யாணம் செய்துகொண்ட நேரத்தில் இருவரும் சேர்ந்து வாழும் எண்ணத்தோடு செய்துகொண்டார்களா என்றுதான் பார்ப்பார். நல்லெண்ணத்தோடு தொடங்கிய கல்யாணம் முறிந்துபோனால் அது மோசடி ஆகாது. விவாகரத்து என்ற சொல் மனுவில் வந்தாலே கார்டு போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை விடுங்கள்.

அவருடைய மூன்று மிரட்டல்கள்

"மறுநாளே ஃப்ளைட்" என்பது நடக்காது. எந்த மனுவும் போடாமல் கார்டுத் தேதி தாண்டினால் உங்கள் அந்தஸ்து சட்டப்படி முடிந்துவிடும், அது உண்மை. வேலையிலும் பயணத்திலும் உடனே சிக்கல் வரும். ஆனால் ஒருவரை வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்து குடிவரவு நீதிபதி முன் வழக்கு நடத்த வேண்டும். தனி மனுவை அந்தக் கட்டத்திலும் போடலாம். அதை நம்பித் தேதியைத் தவறவிடச் சொல்லவில்லை, இந்த மிரட்டலுக்கு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஸ்பான்சர் வாபஸ்" வெறும் பேச்சு. உங்கள் விசாவுக்காக, உங்களைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவதாக அவர் கையெழுத்திட்ட ஐ-864 படிவம் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். நீங்கள் குடியிருப்பாளர் ஆனபிறகு அதை அவரால் திரும்பப் பெற முடியாது. விவாகரத்தும் அதை முடிப்பதில்லை. நீங்கள் குடியுரிமை பெற வேண்டும், அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேர வேண்டும், அல்லது குடியிருப்பை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போக வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். அதுவரை அவர் பொறுப்பில் இருந்து விலக முடியாது.

மூன்றாவதான "போலிக் கல்யாணம்" புகாரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தே போலித் திருமணம் செய்தால் ஐந்து வருடம் வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம். ஆனால் இது மெய்யான திருமணம் என்று உங்களுக்காக முதல் மனுவில் கையெழுத்திட்டவர் அவரேதான். இன்று போலி என்று எழுதினால், அன்று பொய் சொன்னதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கடிதத்தை வைத்து மனுவை நிராகரிப்பதற்கு முன் உங்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கொடுமை அடிப்படையில் மனுப் போட்டால், கொடுமை செய்தவர் தந்த தகவலை மட்டும் வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது.

எந்த வழி உங்களுக்குப் பொருந்தும்

விவாகரத்து வழிக்கு இறுதித் தீர்ப்பின் நகல் வேண்டும். தனியாக இருக்கிறோம், வழக்குப் போட்டிருக்கிறோம் என்பது போதாது. ஆகவே உங்களைத் துரத்துவது நாட்காட்டிதான். தம்பதியில் ஒருவர் நியூஜெர்சியில் ஒரு வருடம் குடியிருந்திருந்தால் இங்கே வழக்குப் போடலாம். ஆறு மாதமாக ஒத்துப்போக முடியாத நிலை என்று சொன்னால் போதும், யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். நீங்கள் வெளியேறித்தான் மூன்று மாதம், பிணக்கு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அவர் ஒத்துக்கொண்டால் சில மாதத்தில் முடியும். இழுத்தடித்தால் கார்டுத் தேதியைத் தாண்டும். இந்த மாதமே குடும்ப வழக்குப் பார்க்கும் வக்கீலைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தீர்ப்பு வருவதற்குள் தேதி நெருங்கிவிட்டால்? அப்போதும் சும்மா இருக்கக் கூடாது. வழக்கு நடப்பதற்கான ஆதாரத்தை இணைத்துத் தேதிக்கு முன்பே மனுவை அனுப்பலாம். பிறகு தீர்ப்பைக் கேட்டு குடிவரவுத் துறையினர் கடிதம் அனுப்புவார்கள். கொடுத்த கெடுவுக்குள் தீர்ப்பு வராவிட்டால் மனு நிராகரிக்கப்பட்டு விஷயம் குடிவரவு நீதிபதியிடம் போகும் ஆபத்து உண்டு. அங்கே அவகாசம் கேட்கலாம், புது மனுவும் போடலாம். ஆனால் அந்தப் பாதையில் அலைச்சலும் செலவும் அதிகம்.

கொடுமை வழிக்கு விவாகரத்துத் தேவையில்லை. அவர் அடித்ததில்லை என்பதால் நமக்கு இது பொருந்தாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அவசரப்படாதீர்கள். மனக்கொடுமையும் இதில் அடங்கும். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, தாயிடம் தனியாகப் பேச விடாதது, நாடு கடத்துவேன் என்று மிரட்டுவது எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். இது எல்லா அதிகாரியையும் ஒரே மாதிரி திருப்திப்படுத்தும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். மிரட்டல் மெசேஜ்களின் நகல், வங்கிப் பரிமாற்றக் கணக்கு, உங்களைப் பார்த்துவந்த மனநல ஆலோசகரின் கடிதம், நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் இருந்தால் மனு வலுவாக நிற்கும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஒரு அறை விழுந்ததாகக் கூடச் சேர்த்து எழுதினால் மற்ற உண்மைகளும் சேர்ந்து கெட்டுவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை ஒரே மனுவில் குறிக்கலாம். 90 நாள் கணக்கும் தனி மனுவுக்குக் கிடையாது, முன்பே போடலாம். மனுக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 750 டாலர், கொடுமை அடிப்படையில் போட்டால் கட்டணம் இல்லை. அனுப்பும் நாளில் அரசுத் தளத்தில் கட்டணத்தையும் படிவப் பதிப்புத் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய பதிப்பில் அனுப்பினால் கவர் அப்படியே திரும்பி வரும்.

என் கருத்து இது: விவாகரத்து வழக்கை இப்போதே தொடங்குங்கள், கூடவே கொடுமைக்கான ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நான்கு மாதம் கழித்து எது கையில் இருக்கிறதோ அதை வைத்துப் போடலாம், இரண்டும் இருந்தால் இரண்டையும் குறிக்கலாம். எப்படியானாலும் கார்டுத் தேதிக்கு முன் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரசீதுக் கடிதம் வந்துவிட்டால், அதோடு பழைய கார்டையும் சேர்த்துக் காட்டி மேலும் 48 மாதம் வேலை பார்க்கலாம்.

ஊரில் நடந்த இந்துத் திருமணம் என்பதால் ஒரு விஷயம். நியூஜெர்சித் தீர்ப்பு அமெரிக்க மனுவுக்குப் போதும். இந்தியாவில் செல்லுபடியாகுமா என்பது வேறு கேள்வி. "ஒத்துப்போகவில்லை" என்ற காரணம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. ஒருதலையாக வாங்கிய வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்க முடியாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு சம்மதித்திருந்தால் நிலைமை வேறு. அதனால் முடிந்தவரை இருவரும் வழக்கில் கலந்துகொண்டு, சம்மதத்தை எழுத்தில் பதிவு செய்து முடியுங்கள். கோவையிலேயே பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கலாமே என்று உறவினர் சொல்லக்கூடும். அதற்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், உங்கள் கார்டுத் தேதி அதுவரை காத்திருக்காது.

"என் பெயரில் எதுவுமே இல்லை"

நம் கூட்டுக் குடும்பத்துக் கல்யாணங்களில் அடிக்கடி வரும் பிரச்சினை இது. வாடகை மகன் பெயரில், கார் மாமியார் பெயரில், கரண்ட் பில் யார் பெயரிலோ. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் ஆதாரமாக நினைக்காத சிலவற்றை அதிலேயே பார்த்தேன். வரியை இருவரும் சேர்ந்து தாக்கல் செய்திருக்கிறீர்கள். அந்த நகலை வரித்துறையிடம் நீங்களே கேட்டு வாங்கலாம், அவர் அனுமதி வேண்டாம். அவருடைய அலுவலக மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருந்தது. காப்பீட்டு அட்டை போதும், பல் டாக்டர் அனுப்பிய பில் இருந்தால் இன்னும் நல்லது. முதல் விசா மனுவோடு கொடுத்த ஆதாரங்கள் உங்கள் கோப்பில் இருக்கும். தகவல் கோரி அந்தக் கோப்பின் நகலைப் பெறலாம்.

அப்புறம் போன். விசாவுக்குக் காத்திருந்த 21 மாதமும் தினம் பேசியிருக்கிறீர்கள். அழைப்புப் பட்டியலை எடுங்கள். மெசேஜ்களில் "ஐ லவ் யூ"வைத் தேடி அலைய வேண்டாம். "வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க", "அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீர்ந்துடுச்சு", "லாண்டரிக்குக் குவார்ட்டர் காசு இருக்கா" என்று தேதியோடு ஐம்பது வரி இருந்தால், இரண்டு பேர் ஒரு வீட்டில் வாழ்ந்தது அதில் தெரியும். இந்த மாதிரி வரிகளை வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்டு, ஸ்டுடியோ ஆல்பத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆல்பமும் வேண்டும், அதில் பத்துப் படம் போதும். தமிழில் இருக்கும் எல்லாவற்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிக் கையெழுத்தும் இணைக்க வேண்டும். அதை நீங்களே செய்யாமல் வேறொருவரிடம் கொடுங்கள்.

செய்யக் கூடாதவை, உடனே செய்ய வேண்டியவை

சேர்ந்து வாழ்வதாகக் காட்டும் யோசனையை மறந்துவிடுங்கள். பிரிந்திருந்தாலும் விவாகரத்து ஆகாதவரை இருவரும் சேர்ந்து மனுப் போடலாம், பிரிந்திருப்பதை மறைக்காமல் சொன்னால் அதில் தவறில்லை. ஒரே வீட்டில் இருப்பதாகப் பொய் எழுதினால், இதுவரை சுத்தமாக இருக்கும் உங்கள் பக்கத்தில் முதல் கறை அதுதான். தவிர, அந்த முகவரிக்கு வரும் ஒவ்வொரு அரசுக் கடிதத்தையும் பிரிக்கப்போவது உங்கள் கணவர். கைரேகைக்கு வரச் சொல்லும் கடிதம் அவர் மேசையில் கிடந்து தேதி தாண்டிப்போனால், மனு கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்றே ஆன்லைனில் அதற்கான ஏஆர்-11 படிவத்தை நிரப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கையெழுத்துக்காகத் திரும்பிப் போக வேண்டாம். மனம் ஒத்துச் சேர்வதானால் அது உங்கள் விருப்பம், நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் ஒரு கையெழுத்தை நம்பி அந்தப் பூட்டிய பீரோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அவர் கடைசி நாள் வரை இழுத்து, அன்றும் போடாமல் விடலாம். அப்போது ஆறு மாதமும் போயிருக்கும்.

ஊருக்கு இப்போது வேண்டாம். அம்மா மடியில் படுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பாஸ்போர்ட் கையில் இல்லை, வழக்குத் தொடங்க வேண்டும், மாதக்கணக்கில் வெளியே இருந்தால் இங்கே குடியிருப்பை விட்டுவிட்டீர்களா என்ற கேள்வியும் கிளம்பும். ரசீது வந்து, கைரேகை முடிந்தபின் இரண்டு மூன்று வாரம் போய் வரலாம். முடிந்தால் அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்படி மெசேஜில் கேளுங்கள், பதில் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை. தர மறுத்தால் போலீசில் பதிவு செய்து, நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாகப் புதிது பெறலாம். க்ரீன் கார்டு உங்கள் பர்ஸில் இருப்பது நல்ல செய்தி. இரு பக்கமும் படமெடுத்து, அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலில் வையுங்கள். பழைய மின்னஞ்சலின் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

வக்கீல் விஷயத்தில் ஒரு வார்த்தை. உங்கள் விசாவைச் செய்தவர் கணவர் பார்த்த வக்கீல், அவரிடம் போகாதீர்கள். குடிவரவுக்கு ஒருவர், விவாகரத்துக்கு ஒருவர் என உங்களுக்கென்று தனியாகப் பாருங்கள், இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும். உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் நான் எழுதுவதற்கு ஒரு எல்லை உண்டு. பணம் கஷ்டம் என்றால், தெற்காசியப் பெண்களுக்காக நியூஜெர்சியில் 1985 முதல் இயங்கும் மானவி அமைப்பை அணுகுங்கள். இரவில் பயமாக இருந்தால் 1-800-799-7233 என்ற தேசிய உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

குடியுரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடியுரிமை பெற்றவரின் மனைவியாக இருந்தால் க்ரீன் கார்டோடு மூன்று வருடம் இருந்தாலே அதற்கு மனுப் போடலாம்; விவாகரத்து ஆனால் அந்த மூன்று வருடக் கணக்கு போய் ஐந்து வருடக் கணக்கு வரும். நிபந்தனைக் கார்டில் இருந்த காலமும் அதில் சேரும். கொடுமை அடிப்படையில் நிபந்தனை நீங்கினால் மூன்று வருடக் கணக்கே கிடைக்க வழியுண்டு, அதையும் வக்கீலிடம் கேளுங்கள்.

கடைசியாக, "அப்பாவிடம் என்ன சொல்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை கையெழுத்து இல்லாமலும் வழி இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், அவருக்கு அது தெரியாது. பிறகு வேலை கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, திருமணப் பதிவுச் சான்று, நகைக்கடை பில், நிச்சயத்துக்கு முன் இரு வீட்டாரும் பேசிக்கொண்ட மெசேஜ்கள், மாப்பிள்ளை கோவைக்கு வந்தபோது நீங்கள் இருவரும் தங்கிய ஓட்டல் பில் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள் தன் கைப்பட, இந்தக் கல்யாணத்தை எப்படிப் பேசி முடித்தோம், மகளை எப்படி வழியனுப்பினோம் என்று தேதிகளோடு இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் மனுவுக்குத் தேவைப்படும் கையெழுத்துகளில் அது ஒன்று.